கண்டிஷனர் யாருக்கு? சீட்டுக்கா, நமக்கா?

கார் சர்வீஸுக்கு விடப் போனால் இப்போதெல்லாம் ஆயில், பிரேக் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "சார், லெதர் கண்டிஷனிங் போட்டுடலாமா?" கேட்கிற தொனியைப் பார்த்தால் ஏதோ சீட்டுக்கு மூச்சுத்திணறல் வந்து ஐ.சி.யு.வில் கிடப்பது போல இருக்கும். நாமும் பயந்துபோய் தலையாட்டி விடுவோம். தலையாட்டாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

பி.காம். படிக்கிற பயலுக்கு லெதரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: சொந்த ஊர் ஆம்பூர். காலையில் ஷூ கம்பெனி பஸ் ஹாரன் சத்தத்தில்தான் எங்கள் தெரு எழுந்திரிக்கும். பிரியாணிக்கு அடுத்தபடியாக எங்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம் தோல்தான் :-) என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது டேனரி சம்பளத்தில். அதனால் 'லெதர்' என்ற வார்த்தையை யாராவது கண்ட இடத்தில் ஒட்டினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல் விஷயம். உங்கள் கார் சீட் பெரும்பாலும் லெதரே கிடையாது. நம் ஊரில் ஓடும் சின்ன கார், நடுத்தர கார்களில் 'லெதர் சீட்' என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் பெரும் பகுதி, துணியின் மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூசி, தோல் மாதிரி கோடு போட்டு அச்சடித்த ஷீட். தாத்தா காலத்தில் இதற்கு ஒரே பெயர், ரெக்ஸின். அது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் தயாரான ஒரு செயற்கைத் தோலின் பிராண்ட் பெயர். நம் ஆட்கள் அதையே பொதுப் பெயர் ஆக்கிவிட்டார்கள், ஜெராக்ஸ் மாதிரி. அம்பாசடர் சீட்டைத் தாத்தா 'ரெக்ஸின் சீட்' என்றுதான் சொல்லுவார். அதில் ஒரு நேர்மை இருந்தது. இப்போது அதே குடும்பத்துச் சரக்குக்கு 'லெதரெட்', 'ஆர்ட் லெதர்', 'வீகன் லெதர்', 'பிரீமியம் ஃபாக்ஸ் லெதர்' என்று நாலு பெயர் வைத்து விலையை ஏற்றிவிட்டார்கள். ஆர்ட் லெதர் என்றால் ஆர்ட்டிஸ்டிக் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாவிகள் உண்டு. அது ஆர்ட்டிஃபிஷியலின் முதல் மூன்று எழுத்து அய்யா!

ரெக்ஸின் கேவலம் என்று நான் சொல்லவில்லை. மெர்சிடிஸ்காரன் 1950களில் இருந்தே எம்.பி.-டெக்ஸ் என்ற பெயரில் செயற்கைத் தோல் சீட் போட்டுக்கொண்டு வருகிறான். அந்த சீட்டுகளின் ஆயுளைப் பற்றி அமெரிக்காக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். டொயோட்டாவுக்கு சாஃப்டெக்ஸ், பி.எம்.டபிள்யூவுக்கு சென்சாடெக். யாரும் அவமானப்படவில்லை, தனிப் பெயர் வைத்து விற்கிறார்கள். எனக்கு எரிச்சல், ரெக்ஸினை ரெக்ஸின் என்று விற்காததும், பிறகு அதற்குத் தோல் வைத்தியம் பார்ப்பதும்தான்.

பிளாஸ்டிக்குக்குக் கண்டிஷனர் எதற்கு? யோசித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு யாராவது 'ஊட்டம்' கொடுப்பார்களா? பி.வி.சி. நாளாக நாளாக ஏன் விறைக்கிறது என்றால், அதை மெத்தென்று வைத்திருக்கக் கலந்த பிளாஸ்டிசைசர் என்ற பொருள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. புதுக் காரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் மாதிரி ஒரு மங்கல் படியும், கவனித்திருக்கிறீர்களா? அதற்கு இதுவும் ஒரு காரணம். போனதைக் கண்டிஷனர் திரும்பக் கொண்டு வராது. மலிவான பாலியூரித்தேன் ஷீட்டோ வேறு மாதிரி சாகும். ஈரக்காற்றும் சூடும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளை உடைக்கும். ஒரு நாள் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். பழைய ஹேண்ட்பேக், சோபா உரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. "கண்டிஷனர் போடாததால்தான் உரிஞ்சிடுச்சு" என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

"என் கார் உண்மையிலேயே லெதர்டா, டாப் மாடல்" என்கிற பணக்கார நண்பர்களுக்கு அடுத்தது.

தோல் என்பது செத்த மாட்டின் தோல். அதில் உயிர் இல்லை. மூச்சு விடாது, தாகம் எடுக்காது, பசிக்காது. டேனரியில் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, பிறகு குரோமியம் உப்பிலோ ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி தாவரச் சாறிலோ பதனிடுகிறார்கள். அழுகாத பொருளாக மாறுவது அங்கேதான். அதற்கப்புறம் பெரிய டிரம்மில் போட்டு உருட்டி எண்ணெய்க் குழம்பு ஏற்றுவார்கள். ஃபேட் லிக்கர் என்று பெயர். தோலின் நார்களுக்கு நடுவே அந்த எண்ணெய் போய் உட்கார்ந்து, காய்ந்த பிறகும் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். உண்மையான கண்டிஷனிங் இதுதான். உங்கள் கார் பிறப்பதற்கு முன்னாலேயே, மணிக்கணக்காக டிரம்மில் சுற்றி, ஈரத் தோலில் நடந்து முடிந்துவிட்டது. காய்ந்த தோலின் மேல் ஸ்பாஞ்சில் தடவுகிற கிரீம் அந்த வேலையைச் செய்யும் என்பது, சாதம் வெந்து வடித்த பிறகு மேலே உப்பைத் தூவி, உள்ளே இறங்கிவிட்டது என்பது மாதிரி.

சாதமாவது பரவாயில்லை. கார் லெதரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எண்ணெய் ஏற்றிக் காயவைத்த தோலின் மேல் நிறமிப் பூச்சு, அதற்கும் மேல் தெளிவான பாலியூரித்தேன் பூச்சு அடிக்கிறார்கள். இன்றைய கார்களில் வரும் லெதரில் மிகப் பெரும்பான்மை இந்த வகைதான். வெயில், வியர்வை, ஜீன்ஸ் உராய்வு எல்லாவற்றையும் தாங்க வேறு வழி இல்லை. ஆக உங்கள் கை படுவது மாட்டின் மேல் இல்லை, பெயிண்டின் மேல். ஐ.எஸ்.ஓ. 15115 என்று லெதர் சொற்களுக்கான ஒரு தர ஆவணமே இருக்கிறது. அதன்படி மேல்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகப் போய்விட்டால் அதை 'லெதர்' என்று மொட்டையாக அழைக்கவே கூடாது. பூச்சு எவ்வளவு முக்கியமான விஷயம் என்பது இதிலிருந்தே புரியும்.

நம்பிக்கை இல்லையா? ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சீட்டின் ஓரத்தில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரே இறங்காத இடத்தில் கெட்டியான கிரீம் எப்படி இறங்கும்? தடவியதில் பாதி உங்கள் துணியில் வரும், மீதி மேலேயே உட்கார்ந்து ரோட்டுப் புழுதியைப் பிடித்து வைக்கும். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், உங்களிடம் இருப்பது பூச்சில்லாத அனிலின் வகை. அது விலை உயர்ந்த சில கார்களில் வரும். அதற்குக் கண்டிஷனர் பிரயோஜனப்படும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரை வைத்திருப்பவர் என் பிளாகைப் படிக்க மாட்டார் :-)

பின்னே இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? குதிரையில் இருந்து. நிஜமாகத்தான். சேணம், கடிவாளம் எல்லாம் தாவரச் சாறில் பதனிட்ட, பூச்சில்லாத கெட்டித் தோல். மழை, வியர்வை பட்டால் எண்ணெய் போய்விடும், திரும்பத் தடவித்தான் ஆகவேண்டும். சாடில் சோப் என்று இன்றும் விற்பது அதற்காகத்தான். அப்புறம் பழைய பிரிட்டிஷ் சொகுசு கார்கள். ரோல்ஸ் ராய்ஸுக்கும் ஜாகுவாருக்கும் தோல் கொடுத்த கானலி பிரதர்ஸ் என்ற லண்டன் கம்பெனி, தோலோடு சேர்த்து 'ஹைடு ஃபுட்' என்று ஒரு டப்பாவும் விற்றது. தோலுக்குச் சாப்பாடாம்! பெயர் வைத்தவன் மார்க்கெட்டிங்கில் பிஹெச்.டி. வாங்கியிருக்கணும். குதிரைச் சேணத்துக்குச் சரியாக இருந்த பழக்கத்தை அப்படியே பெயிண்ட் அடித்த தோலுக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து ரெக்ஸினுக்கும் இறக்கிவிட்டார்கள். தோலே இல்லாத இடத்தில் தோலுக்குச் சாப்பாடு!

இதில் உச்சக்கட்டக் காமெடி, "ஸ்டீம் பிடிச்சு துவாரங்களைத் திறந்துட்டு கண்டிஷனர் போடணும்" என்பது. பியூட்டி பார்லரில் இருந்து சுட்ட வசனம். உயிரோடு இருக்கும் முகத்திலேயே துவாரம் கதவு மாதிரி திறந்து மூடாது என்று தோல் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். செத்த மாட்டுக்கு, அதுவும் பெயிண்ட் அடித்த பிறகு, எந்தக் கதவு திறக்கும்? ஈரமான சூடு தோலைச் சுருக்கும், அதுதான் நடக்கும்.

சீட்டை உண்மையில் கொல்வது அழுக்கும் உராய்வும். டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம் மட்டும் முதலில் தேய்ந்து வெடிப்பு விடுவதைப் பாருங்கள். பின் சீட் பளபளவென்று இருக்கும். ஊட்டக்குறைவுதான் காரணம் என்றால் எல்லா சீட்டும் ஒரே மாதிரி வெடிக்க வேண்டாமா? ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்த ஓரத்தில்தான் உரசுகிறோம். மண்துகள் ஒட்டியிருந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரி. இன்னொரு எதிரி தலை சாயும் இடத்தில் நம் தேங்காய் எண்ணெய். வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து பூச்சை இளக்கும். ஹெட்ரெஸ்ட் கருத்துப்போய் பிசுபிசுவென்று இருப்பது அதனால்தான். அங்கே மேலும் எண்ணெய்ப் பசையுள்ள கிரீமைக் கொண்டுபோய்த் தடவுவது எந்த ஊர் நியாயம்?

செய்ய வேண்டியது ரொம்ப போர் அடிக்கிற வேலை. வேக்குவம் போட்டு மண்ணை எடுங்கள், தையல் இடுக்கு உட்பட. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிசுக்கு இருந்தால் காரம் இல்லாத மென்மையான சோப்புத் தண்ணீர் கொஞ்சம், மெல்லிய பிரஷ். மறுபடி வெறும் ஈரத்துணி, கடைசியில் காய்ந்த துணி. மாதம் ஒரு முறை, டிரைவர் சீட்டும் ஸ்டீயரிங்கும் என்றால் இரண்டு முறை. குரோமியத்தில் பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, அதனால் துணி துவைக்கிற சோப்பு ஆகாது. காற்று வருகிற ஓட்டை போட்ட சீட்டாக இருந்தால் எந்தத் திரவத்தையும் நேரடியாக ஊற்றாதீர்கள், ஓட்டைக்குள் இறங்கிப் பஞ்சும் ஃபேனும் நாசமாகும். வெயிலில் நிறுத்த நேர்ந்தால் முன் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு. ஒரு கண்டிஷனர் பாட்டிலின் விலைக்கு அப்படி இரண்டு மறைப்பு வாங்கலாம், வேலையும் செய்யும்.

வீட்டு வைத்தியக் கோஷ்டி ஒன்று தனியாக இருக்கிறது. வாழைப்பழத் தோல், டூத் பேஸ்ட், வினிகரும் ஆலிவ் எண்ணெயும். தயவுசெய்து வேண்டாம். டூத் பேஸ்ட் என்பது தேய்க்கிற தூள், பூச்சைக் கீறும். சமையல் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வாழைப்பழத் தோலை மாட்டுக்குப் போடுங்கள், மாடு உயிரோடு இருக்கும்போது. 2020 கொரோனா சமயத்தில் காருக்குள் சானிடைசரை வாரி இறைத்தவர்களின் ஸ்டீயரிங் வழுக்கை ஆனதும் இப்படித்தான், ஆல்கஹால் பூச்சைக் கரைத்துவிடும்.

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன்.

மாமா ஒரு ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார். வாங்கும்போதே ஷோரூமில் சீட் கவர் போட்டுக் கொடுத்தார்கள். போன மாதம் சர்வீஸ் பில்லை என்னிடம் நீட்டி, "மாப்ள, நீ காமர்ஸ்தானே, இது சரியா பாரு" என்றார். அதில் ஒரு வரி: லெதர் டிரீட்மென்ட் 1,850 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 2,183. கிளவ் பாக்ஸில் துழாவி கார் வாங்கின அன்றைய அக்சஸரி பில்லை எடுத்தேன். அதில் எழுதியிருந்தது: ஆர்ட் லெதர் சீட் கவர். பார்த்தீர்களா, விற்கும்போது சட்டத்துக்காக ஆர்ட் லெதர், சர்வீஸ் பண்ணும்போது காசுக்காக லெதர். இரண்டு பில்லிலும் மேலே ஒரே கம்பெனி பெயர், ஒரே ஜி.எஸ்.டி. நம்பர். (பெயர் சொல்ல மாட்டேன், எல்லா ஊரிலும் இதே கதைதான்.) கவுன்ட்டரில் இருந்தவரிடம் கேட்டதற்கு, "போடலைன்னா கிராக் விழுந்துடும் சார்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு டார்கெட் இருக்கும். டார்கெட் போட்டவர் ஏசி ரூமில் இருப்பார்.

கணக்குப் போட்டேன். வருடத்துக்கு இரண்டு சர்வீஸ், ஐந்து வருடம். 21,830 ரூபாய். அந்த சீட் கவர் முழு செட்டின் விலையே 8,500தான்! இரண்டு புது செட் வாங்கி, மிச்சக் காசில் ஆம்பூர் வந்து குடும்பத்தோடு ஒரு வருடம் பிரியாணி சாப்பிடலாம்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. வாங்கும் முன்பே தரம் தெரிகிற சரக்கு ஒரு வகை, பயன்படுத்தினால் தெரிகிற சரக்கு இன்னொரு வகை. மூன்றாவது வகை, பயன்படுத்திய பிறகும் நல்லதா கெட்டதா என்று தெரியவே தெரியாதது. கிரெடன்ஸ் குட்ஸ் என்பார்கள். நம்பிக்கைச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். டார்பி, கார்னி என்ற இரண்டு பேர் 1973ல் எழுதிய கட்டுரையில் இருந்து வந்த பெயர். கட்டுரைத் தலைப்பைக் கேளுங்கள்: 'ஃப்ரீ காம்பெடிஷன் அண்ட் தி ஆப்டிமல் அமவுண்ட் ஆஃப் ஃபிராட்'. தடையில்லாப் போட்டியும், உகந்த அளவு மோசடியும்! ரிப்பேர்காரர் சொல்வதைச் சரிபார்க்க நமக்கு ஆகும் செலவு, ஏமாந்தால் ஆகும் நஷ்டத்தை விட அதிகமாக இருந்தால் மோசடி நிம்மதியாக வாழும் என்பது சாராம்சம். லெதர் கண்டிஷனிங் அச்சு அசல் இந்த வகை. சீட் ஐந்து வருடம் நன்றாக இருந்தால் "பார்த்தீங்களா, கண்டிஷனர்!" வெடித்தால் "நீங்க ரெகுலரா போடலை சார்." எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர் ஜெயிக்கிற நாணயம். அக்கர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்துத்தான் 'லெமன்ஸ்' கட்டுரை எழுதினார், 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது என்பதுதான் அங்கேயும் மையம். நம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்து 10 மார்க் வாங்கிவிட்டு, அதே வாரம் கண்டிஷனிங் பேக்கேஜுக்குத் தலையாட்டிய ஒரு ஆத்மாவை எனக்குத் தெரியும். டேய், உன்னைத்தான்!

புது கார் விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் சொற்பம். அக்சஸரியும் சர்வீஸும்தான் சோறு போடுகிறது. அது அவர் பிரச்சினை, புரிகிறது. அதற்காக இல்லாத தோலுக்கு வைத்தியம் பார்த்துப் பில் போடலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? இரண்டாம் வருடம் பிசினஸ் லா பேப்பரில் படித்தோமே, சேல் ஆஃப் குட்ஸ் சட்டம் 1930, பிரிவு 15. விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும், அது மறைமுக 'கண்டிஷன்'. பாருங்கள், சட்டத்திலும் ஒரு கண்டிஷன் இருக்கிறது, இதை மட்டும் யாரும் போட்டுவிடுவதில்லை. அடுத்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, இது 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளின் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக முறை. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அந்த அளவு போகப் பொறுமை இல்லை என்றால் 1915க்கு ஒரு போன். மாமா அது எதுவும் செய்யவில்லை. இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேனேஜரிடம் காட்டினார், அவ்வளவுதான். 2,183 ரூபாய் அடுத்த சர்வீஸில் கழிக்கப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை, கூகுளில் ரிவியூ எழுதக் கூடாதாம். ஹி ஹி.

பிரேசிலில் 1965லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். விலங்குத் தோலில் இருந்து வராத பொருளை அவர்கள் மொழியில் 'தோல்' என்று சொல்லி விற்பது குற்றம். 'செயற்கைத் தோல்' என்று அடைமொழி போட்டாலும் கூடாது. ஓவராகத் தெரியலாம். எனக்கு ஓவராகத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பாலாறு என்று ஒரு ஆறு இருக்கிறது, மன்னிக்கவும், மணல் இருக்கிறது. டேனரிக் கழிவு அதையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சாட்சி. 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு. மாசுபடுத்தியவனே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக உட்கார்ந்தது எங்கள் தண்ணீர் கெட்டுப் போனதால்தான். 2015 ஜனவரி 31 இரவு, ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். லெதர் என்ற வார்த்தைக்குள் இதெல்லாம் இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்தவர்கள், கெட்டுப்போன கிணறு, அந்த 10 பேர். நிஜத் தோலுக்குக் கொடுத்த விலை அது. அதே வார்த்தையைப் பெட்ரோலியத்தில் இருந்து வந்த ஒரு ஷீட்டின் மேல் இலவசமாக ஒட்டி, அதற்கு மேல் 1,850 ரூபாய் வாங்குபவரைப் பார்த்து எனக்கு எரிச்சல் வராமல் எப்படி இருக்கும்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று விடுங்கள், தோல் வாங்காதீர்கள், நல்லதுதான். பெயரை மட்டும் திருடாதீர்கள்.

எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடலாம். "போட்டால் பளபளன்னு இருக்கே?" பளபளப்பு என்பது பெரும்பாலும் சிலிகான். புது லெதர் பூச்சு மங்கலாகத்தான் இருக்க வேண்டும், பளபளத்தால் ஒன்று பிசுக்கு, இல்லை சிலிகான். ஸ்டீயரிங்கிலோ பெடலிலோ அது பட்டால் வழுக்கும், அப்புறம் கண்டிஷனிங் நமக்குத்தான் ஆஸ்பத்திரியில். "லெதர் வாசனை வருதே?" அது கிரீமில் கலந்த சென்ட். "புற ஊதாக் கதிரில் இருந்து பாதுகாக்குமாமே?" சில நல்ல தயாரிப்புகளில் அதற்கான பொருள் உண்டு, உராய்வைக் குறைக்கிற மெல்லிய படலம் கொடுப்பவையும் உண்டு. இதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பெயர் மேல்பூச்சுப் பாதுகாப்பு. அப்படியே சொல்லி, அந்த விலையில் விற்கட்டும், வேண்டியவர் வாங்கட்டும். ஊட்டம், ஈரப்பதம், உயிர் கொடுத்தல் என்ற கதையெல்லாம் எதற்கு?

கடைசியாக ஒன்று, இது காசு விஷயம் இல்லை. 'லெதர் சீட் கவர்' மாட்டும் ஆசையில் இருக்கிறவர்கள் முன் சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று ஒரு சின்னத் துணிப்பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு ஏர்பேக் இப்போது சின்னக் கார்களிலும் வந்துவிட்டது. ஹூண்டாய் 2023 அக்டோபரில் இந்தியாவில் விற்கும் எல்லா மாடலுக்கும் அறிவித்தது. அந்த ஆறில் இரண்டு, பொதுவாக முன் சீட்டுகளுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் இருந்து இடி வந்தால் சீட்டின் தையலைப் பிளந்துகொண்டு கண்மூடித் திறப்பதற்குள் வெளியே வரவேண்டும். அதற்கு மேல் தடித்த ரெக்ஸினை இறுக்கித் தைத்து மாட்டினால் அது வெளியே வருவது தாமதம் ஆகலாம், தவறான பக்கம் போகலாம். கார் கூடவே கொடுக்கிற கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கும், நாம்தான் அதைப் பிளாஸ்டிக் கவரே பிரிக்காமல் கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறோமே. ஏர்பேக் வரும் இடத்தில் தனித் தையல் விட்ட கவர்கள் கிடைக்கின்றன. கடைக்காரரிடம் வாய் விட்டுக் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

பி.கு.: மாமா கார் கவரை நான் எப்படிச் சுத்தம் செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: ஒரு பழைய காட்டன் துண்டு, அரை பக்கெட் தண்ணீர், நாலு சொட்டு குழந்தை ஷாம்பு. 40 நிமிடம். கூலி, ஒரு பிளேட் பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும். ஜி.எஸ்.டி. கிடையாது.